மனநல டாக்டருங்க சங்கம் அடுத்த பத்து வருஷம் எந்தப் பக்கம் போகணும்? ஒரு பக்கம் எழுதித் தரணும், யோசனை சொல்லுங்க

சாட்ஸ்வர்த் டாக்டர்பொண்ணு (கேள்வி)

வணக்கம் எல்லாருக்கும். நான் தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்துல பொறந்து வளர்ந்தவ. இப்போ சைக்கியாட்ரி ரெஜிஸ்ட்ரார், அதாவது மனநல டாக்டர் ஆகறதுக்கான நாலு வருஷ ட்ரெயினிங்ல இது கடைசி வருஷம். தமிழ் எங்க ஆயாகிட்ட பேசிப் பழகினது, எழுதக் கத்துக்கிட்டது கோயில் வகுப்புல.

விஷயத்துக்கு வர்றேன். டர்பன் பக்கம் இருக்கிற மனநல டாக்டருங்க நாங்க பத்துப் பன்னெண்டு பேர் மாசத்துக்கு ஒரு தடவை கூடுவோம். போன தடவை பேச்சு எங்கெங்கேயோ போயி, கடைசியில நம்ம தொழில் சங்கம் அடுத்த பத்து வருஷத்துல எதை முதல்ல கையில எடுக்கணும், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க, சேர்த்து சங்கத்துக்கு அனுப்பிடலாம்னு முடிவாச்சு. எனக்கு அந்த ஒரு பக்கம் வரவே மாட்டேங்குது. மூணு தடவை ஆரம்பிச்சு அழிச்சுட்டேன்.

ஏன்னா அன்னிக்கே ரெண்டு கட்சியா பிரிஞ்சு பேசினாங்க. ஒரு கட்சி, சங்கம்ங்கறது டாக்டருங்களுக்கு, மெடிக்கல் எய்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டு கம்பெனிங்களோட ரேட்டு பேசணும், டாக்டருங்க சேர்க்க வேண்டிய தொடர்படிப்பு பாயிண்ட் (சிபிடி) வர்ற மாதிரி க்ளாஸ் வைக்கணும், மாநாடு நடத்தணும், ஜர்னலை ஒழுங்கா கொண்டு வரணும், அது போதும்னாங்க. இன்னொரு கட்சி, நோயாளிக்கு அநியாயம் நடக்கறப்போ கவர்மெண்ட் முன்னாடி போய் நிக்கிறதுதான் சங்கத்தோட முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம்னாங்க. ரெண்டு பேர் பேசினதும் நியாயமாத்தான் பட்டுச்சு, அதான் பிரச்சினை.

என் மனசுல இருக்கிறதையும் சொல்லிடறேன். 2019ல வந்த ஒரு ஆய்வுல, மெடிக்கல் எய்டு இல்லாத மக்கள்ல மனநலப் பிரச்சினை இருக்கிற நூறு பேருல 92 பேருக்கு எந்த சிகிச்சையும் போய்ச் சேரலைன்னு போட்டிருந்தாங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல லட்சம் பேருக்கு 0.31 மனநல டாக்டர், அதாவது மூணு லட்சம் பேருக்கு மேல ஒருத்தர். அரசோட சுகாதார பட்ஜெட்ல மனநலத்துக்குப் போறது அஞ்சு சதவீதம், அந்த அஞ்சுலயும் 86 சதவீதம் ஆஸ்பத்திரி பெட்டுக்கே போயிடுது. வீட்டுப் பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்கு என்ன மிச்சம் இருக்கும்னு பாத்துக்கோங்க.

நம்பரை விடுங்க, ஒண்ணு சொல்றேன். ஒரு ராத்திரி ட்யூட்டில ஒரு ஆயாவைக் கொண்டு வந்திருந்தாங்க, எண்பது வயசு இருக்கும். கையைக் கட்டி வெச்சிருந்தாங்க. ஃபைல்ல 'குழப்பம், அர்த்தமில்லாத சத்தம்'னு எழுதியிருந்தது. நான் பக்கத்துல போய் குனிஞ்சு கேட்டா, "ஒண்ணுக்குப் போகணும், கையை அவுத்து விடுங்கடா"ன்னு சுத்தமான தமிழ்ல திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருக்காங்க. மூத்திரம் அடைச்சு வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு, குழப்பத்துல பாதி அதனால வந்தது. ட்யூப் போட்டு விட்டோம், விடியறதுக்குள்ள என்கிட்ட "நீ யாரு வீட்டுப் பொண்ணு"ன்னு கேட்டாங்க.

அந்த ஆயாவுக்கு அன்னிக்கு நான் இருந்தேன். ஆனா ஜூலு மட்டும் பேசற அம்மாங்களுக்கு தினம் தினம் யார் இருக்காங்க? வாசல்ல நிக்கிற செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, இல்ல தரை தொடைக்கிற அக்காவைக் கூப்பிட்டு, 'காதுல யாராவது பேசறாங்களான்னு கேளுங்க'ன்னு சொல்றோம். ஒருத்தரோட வாழ்க்கையிலேயே ரொம்ப அந்தரங்கமான பேச்சு, அது அப்படித்தான் நடக்குது. எங்க யுனிவர்சிட்டி, குவாஜூலு நட்டால், 2014லேர்ந்து புதுசா சேர்ற பசங்களுக்கு ஜூலு கட்டாயம்னு ஆக்கிடுச்சு. அதுக்கு முன்னாடி படிச்சு வந்த டாக்டருங்கதான இப்போ சீனியர். இதையெல்லாம் சங்கம் கையில எடுக்கணுமா, இல்ல இது சங்கத்தோட வேலையே இல்லையா?

டாக்டருங்க மட்டும் இல்ல, நர்ஸ், குடும்பம், யார் வேணாலும் சொல்லுங்க. நேரடியாவே சொல்லுங்க.

---

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர்

கண்ணு, நான் 34 வருஷம் சைக்கியாட்ரிக் நர்ஸ், ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. உன் ஆயா கதையைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வெச்சுட்டேன். அந்த மாதிரி நான் எத்தனையோ பாத்திருக்கேன், கேக்க ஆள் இல்லாததால பைத்தியம்னு ஆனவங்க.

நான் வேலைக்குச் சேர்ந்தப்போ 1973 மனநலச் சட்டம் இருந்துச்சு. அப்போ வெள்ளைக்காரங்க வார்டு வேற, இந்தியன் வார்டு வேற, கறுப்பர் வார்டு வேற, சாப்பாட்டுத் தட்டு கூட வேற. அப்புறம் 2002ல புதுச் சட்டம் போட்டாங்க, 2004 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. அதுல ரொம்ப நல்ல விஷயம் இருக்கு, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தரை அவர் இஷ்டம் இல்லாம வெச்சுக்கணும்னா காரணம் எழுதணும், ரிவ்யூ போர்டு பாக்கணும், பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பொது ஆஸ்பத்திரில 72 மணி நேரம் வெச்சுப் பாக்கணும். நல்ல எண்ணம்தான். ஆனா சட்டம் போட்டவங்க பெட்டு போடலை. அந்த 72 மணி நேரம் எங்க நடக்குதுன்னா, சாதாரண மெடிக்கல் வார்டுல, ஆக்சிஜன் போட்ட தாத்தாவுக்குப் பக்கத்துல, ட்ரெயினிங் இல்லாத நர்ஸ் ரெண்டு பேர் கையில. மேல அனுப்பற இடத்துல பெட்டு காலி இல்லைன்னா அந்த 72 ரெண்டு வாரம் ஆகும். அந்த நர்ஸுங்க அடி வாங்கினதை நான் கண்ணால பாத்திருக்கேன், அந்த நோயாளி தேவையில்லாம மயக்க ஊசி வாங்கினதையும் பாத்திருக்கேன்.

சங்கம் என்ன செய்யணும்னு கேட்ட. என் பதில் ஒண்ணே ஒண்ணுதான், டாக்டருங்க தங்களுக்குள்ளயே பேசிட்டு திட்டம் போடாதீங்க. மாசத்துக்கு ஒரு நாள் வர்ற டாக்டரை விட மாசம் பூரா அங்கேயே கிடக்கிற நர்ஸுக்கு எது ஓடுது எது ஓடலைன்னு தெரியும். நான் ஒரு கிளினிக்குக்குப் போவேன், ஊசி நாள்னு ஒண்ணு இருக்கும், மாசத்துக்கு ஒரு தடவை டிப்போ ஊசி, போட்டா மருந்து வாரக்கணக்குல உடம்புல நிக்கும். ஒரு பையன் மூணு மாசமா வரலை. டாக்டர் ஃபைல்ல 'ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிட்டார். நான் வீட்டுக்குப் போய்ப் பாத்தா, டாக்ஸிக்கு (இங்க அது பல பேர் ஏறிப் போற மினிபஸ்) காசு இல்லை, அவ்வளவுதான். போக வர ரெண்டு டாக்ஸி மாறணும், கவர்மெண்ட் தர்ற டிசபிலிட்டி கிராண்ட் உதவித்தொகை ரினீவ் ஆகாம நின்னு போயிருந்துச்சு. கிராண்டுக்கு ஃபாரம் எழுதித் தர வேண்டியதும் ஒரு டாக்டர்தான். ஃபாரம் எழுத டாக்டரைப் பாக்கணும், டாக்டரைப் பாக்க டாக்ஸிக்குக் காசு வேணும், காசுக்கு கிராண்ட் வரணும். இதைப் புரிஞ்சுக்காம என்ன பத்து வருஷத் திட்டம்?

அதனால உன் பக்கத்துல எழுது, கிளினிக் நர்ஸுங்களுக்கு மருந்து, ஊசி, ஆபத்து அடையாளம் இதெல்லாம் சொல்லித் தர்றதை சங்கம் தன்னோட பொறுப்பா எடுத்துக்கணும்னு. தர்மத்துக்கு ஒரு நாள் வந்து க்ளாஸ் எடுத்துட்டுப் போறது இல்ல, வருஷா வருஷம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும், இன்னார் பொறுப்புன்னு பேர் போட்டு.

---

லெனேஷியா டாக்டர்

தங்கச்சி, நான் ஜோபர்க்ல தனியார் பிராக்டிஸ். மதுரையிலேர்ந்து வந்து இங்க இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க கூட்டத்துல முதல் கட்சி பேசினவங்க பக்கம்தான் நான், அதை மறைக்காம சொல்றேன், கோவிச்சுக்காம முழுசா படிங்க.

நம்ம நாட்டுல மனநல டாக்டருங்கள்ல பெரும்பாலானவங்க தனியார்ல இருக்கோம், மெடிக்கல் எய்டு இருக்கிறவங்களோ நூத்துக்கு சுமார் பதினஞ்சு பேர்தான். இது அநியாயமான கணக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா ஏன் இப்படி ஆச்சு? நீங்க அடுத்த வருஷம் ஸ்பெஷலிஸ்ட் ஆகி வெளிய வருவீங்க, அரசு போஸ்ட் காலியா இருக்கும், ஆனா பணம் ஒதுக்கலை, ஃப்ரீஸ்னு சொல்லுவாங்க. என்கூட இருந்த ஜூனியர் ரெண்டு பேர் அப்படிக் காத்திருந்து காத்திருந்து ஒருத்தர் ஆஸ்திரேலியா, ஒருத்தர் இங்கிலாந்து போயிட்டாங்க. அவங்களைப் பிடிச்சு வெக்கிறதுக்கு யார் பேசணும்? சங்கம்தான் பேசணும். டாக்டர் நலன்னு சொன்னா உடனே சுயநலம்னு ஆயிடுது, டாக்டர் இல்லாம நோயாளி நலன் எங்கேர்ந்து வரும்.

மெடிக்கல் எய்டு இருக்கிற நோயாளி சுகமா இருக்கார்னும் நினைக்காதீங்க. பிஎம்பின்னு மெடிக்கல் எய்டு குறைஞ்சபட்சம் தர வேண்டியதைச் சொல்ற விதிப்படி பெரிய டிப்ரஷனுக்கு வருஷத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரி, இல்லைன்னா வெளியில 15 தடவை சைக்கோதெரபி. அவ்வளவுதான் கம்பெனி கட்டாயம் தரணும். பைபோலரும் ஸ்கிட்ஸோஃப்ரீனியாவும் நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல இருக்கு, டிப்ரஷன் அந்தப் பட்டியல்லயே இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் மருந்து கட்டாயம், டிப்ரஷன்காரர் தன் மெடிக்கல் எய்டு சேவிங்ஸ்லேர்ந்து எடுத்துக்கணும், ஜூலையில சேவிங்ஸ் தீர்ந்ததும் மாத்திரையை நிறுத்திடுவார், செப்டம்பர்ல நான் அவரை அட்மிட் பண்ணுவேன். இதே கதை எனக்கு வருஷா வருஷம். அந்தப் பட்டியல்ல டிப்ரஷனைச் சேர்க்க வெக்கிறது ரேட்டு பேசற வேலைன்னு சொல்லுவீங்களா, நோயாளிக்காகப் போராடறதுன்னு சொல்லுவீங்களா? என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம போக முடியாது. லைஃப் எசிடிமேனி, மனநோயாளிங்களை நீண்ட நாள் வெச்சுப் பாத்த தனியார் ஆஸ்பத்திரிங்க. நான் ஜோபர்க் இருக்கிற கவுடெங் மாகாணத்துல இருந்தேன், எல்லாம் கண் முன்னாடி நடந்துச்சு. 2015 அக்டோபர்ல மாகாண சுகாதாரத் துறை அந்த ஆஸ்பத்திரிகளோட கான்ட்ராக்டை முடிக்கப் போறோம்னு அறிவிச்சுது. 1,300க்கு மேல நோயாளிங்க, பல பேருக்குத் தன் பேரே சொல்லத் தெரியாது, அவங்களை என்ஜிஓக்களுக்கு மாத்தினாங்க. மாத்தாதீங்கன்னு சங்கம் எச்சரிச்சுது, அந்த வருஷக் கடைசியில குடும்பங்களோட, மனநல அமைப்புகளான சடாக்கோட, மனநல ஃபெடரேஷனோட சேர்ந்து கோர்ட்டுக்கே போச்சு. இது பெருமைப்பட வேண்டியது, இளைய டாக்டருங்களுக்கு இது தெரியணும். ஆனாலும் 2016ல மாத்திட்டாங்க. 144 பேர் செத்தாங்க. பசியில, தாகத்துல, குளிர்ல. சுகாதாரப் புகார்களை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மன் மகோபா 2017 பிப்ரவரில அறிக்கை குடுத்தப்போ, அந்த 27 என்ஜிஓவுக்கும் செல்லுபடியாகிற லைசென்ஸே இல்லைன்னு வந்துச்சு. 2018ல ரிடையர்டு ஜட்ஜ் மொசனேக்கே குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு தரச் சொன்னார். 2024 ஜூலையில இன்குவெஸ்ட், அதாவது சாவைப் பத்தின கோர்ட் விசாரணைத் தீர்ப்பு வந்து, பொறுப்பு யாருன்னு பேர் சொல்லிச்சு. முதல் அறிவிப்புலேர்ந்து கிட்டத்தட்ட ஒம்போது வருஷம்.

இதுலேர்ந்து நான் கத்துக்கிட்டது என்னன்னா, எச்சரிக்கைக் கடிதம் எழுதறதுக்கு சங்கத்துக்கு ஆள் வேணும், வக்கீலுக்குப் பணம் வேணும், பத்திரிகைக்காரங்க கூப்பிட்டா பேசறதுக்குத் தைரியமான ஒரு ஆள் வேணும். இதுக்கெல்லாம் மெம்பர்ஷிப் ஃபீஸ்லேர்ந்துதான் காசு வரும். மெம்பருக்கு ஒண்ணும் செய்யாத சங்கத்துக்கு எவன் ஃபீஸ் கட்டுவான்? அதான் என் வாதம். பலமான சங்கம் முதல்ல.

---

ஆறாம் யூனிட் அம்மா

டாக்டரம்மா, நான் படிச்சவ இல்ல, நான் போன்ல சொல்லச் சொல்ல என் மகன் டைப் பண்ணித் தர்றான். அவனுக்காகத்தான் எழுதறேன்.

2014ல என் மகனுக்கு 19 வயசு. டெக்னிக்கான்ல (தொழில்நுட்பக் காலேஜ்) சேர்ந்து மூணு மாசம்தான் ஆயிருந்துச்சு. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டான், டிவிக்காரன் என்னைப் பத்திப் பேசறான்னு சொல்லி டிவியை முற்றத்துல போட்டு உடைச்சான். வூங்காங்கற போதைப்பொருள் அடிக்கிறான்னு அக்கம்பக்கம் பேசிச்சு, அவன் அதைத் தொட்டதே இல்ல. யாரோ செய்வினை வெச்சுட்டாங்கன்னு என் நாத்தனார் சொன்னா. ரெண்டு வருஷம் அவனுக்காகக் காவடி எடுத்தோம், ஈஸ்டர் சமயத்துல மாரியம்மனுக்கு நான் தீ மிதிச்சேன். சாமியை நான் குறை சொல்லலை, இன்னிக்கும் ஆடி மாசம் கூழ் ஊத்தறேன். ஆனா அந்த ரெண்டு வருஷம் போனது போனதுதான். யாராவது ஒருத்தர், பூசாரியோ ஸ்கூல் வாத்தியாரோ, இது நோய்மா, டாக்டர்கிட்ட போன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே போயிருப்பேன்.

அப்புறம் ஒரு நாள் போலீஸ் வந்துதான் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஆஸ்பத்திரில மூணு நாள் வெச்சாங்க. நாலாம் நாள் போன் வந்துச்சு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. கையில ஒரு பிளாஸ்டிக் பை, அதுல மாத்திரை. என்ன நோய்னு யாரும் சொல்லலை. வீட்டுக்கு வந்த மறுநாள் அவன் கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, கண்ணு மேல போயிடுச்சு, நாக்கு வெளிய வந்துச்சு. சாகப் போறான்னு நினைச்சேன். மறுபடி ஓடினோம், ஒரு ஊசி போட்டாங்க, கால் மணி நேரத்துல சரியாயிடுச்சு. மருந்தால சில பேருக்கு இப்படி வரும், பயப்படாத, வந்தா உடனே கூட்டிட்டு வான்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதுக்கப்புறம் அவன் ஒரு வருஷம் மாத்திரையைத் தொடவே இல்ல. அந்த பயம்தான்.

இப்போ நல்லா இருக்கான். க்ளோஸபின்னு ஒரு மாத்திரை எடுக்கறான், முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் எடுத்தாங்க, இப்போ மாசத்துக்கு ஒரு தடவை. என் அண்ணன் ஒர்க்‌ஷாப்ல காலைல வேலை பாக்கறான்.

நீங்க எல்லாரும் பெரிய விஷயமெல்லாம் பேசறீங்க, படிச்சுக் காமிச்சான், கேட்டேன். எனக்கு வேண்டியது சின்னது. வீட்டுக்கு அனுப்பறப்போ ஒரு பேப்பர். நோய் பேரு, மருந்து பேரு, என்ன ஆனா பயப்படணும், எந்த நம்பருக்கு அடிக்கணும். ஜூலுலயும் இருக்கணும், இங்கிலீஷ்லயும் இருக்கணும், எங்க மாதிரி கிழவிங்களுக்குத் தமிழ்ல ஒரு பக்கம் இருந்தா சந்தோஷம். இதை நாடு பூரா ஒரே மாதிரி செய்ய வெக்கிற சக்தி உங்க சங்கத்துக்கு இருக்கா?

---

கேப்டவுன் சென்னைக்காரன்

அம்மா எழுதினதுக்கு அப்புறம் நான் என்ன எழுதறதுன்னு தெரியலை, இருந்தாலும் எழுதறேன். நான் கீழ்ப்பாக்கத்துல ட்ரெயினிங் எடுத்தவன், இப்போ இங்க கேப்ல.

லெனேஷியா அண்ணன் லைஃப் எசிடிமேனி பத்திச் சொன்னதும் எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்துச்சு. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில மனநோயாளிங்களை வெச்சிருந்த ஒரு கொட்டகைல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலில கட்டி வெச்சிருந்ததால ஓட முடியலை. நான் அப்போ காலேஜ். அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டே வழக்கை எடுத்துக்கிச்சு, சங்கிலியைத் தடை பண்ணாங்க, அந்த மாதிரி இடங்களை மூடினாங்க. ஆனா மூடினதும் அந்த ஆளுங்க எங்க போனாங்கன்னு கேட்டவங்க கம்மி. எசிடிமேனிலயும் கேள்வி அதேதான். பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து வெளிய கொண்டு வர்றது தப்பில்லை, உலகம் பூரா அதைத்தான் சொல்றாங்க. வெளிய ஒண்ணும் கட்டி வெக்காம கதவைத் திறந்து விடறதுதான் கொலை. அதனால சங்கத்தோட திட்டத்துல இது தெளிவா இருக்கணும்னு நினைக்கிறேன்: எங்கயாவது பெட்டை மூடறாங்கன்னா, அந்த ஆளுங்க போற இடத்தை சங்கத்தோட டாக்டர் நேர்ல போய்ப் பாக்கணும், பாத்ததைப் பொதுவுல சொல்லணும். கோர்ட்டுக்குப் போறது அதுக்கு அப்புறம்.

பூசாரி பத்தி அம்மா சொன்னது ரொம்ப முக்கியம், டாக்டருங்க நாம அதை இளக்காரமா கடந்து போறோம். திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல மனநலம் சரியில்லாதவங்க 48 நாள் தங்குவாங்க, காலங்காலமா நடக்குது, இப்போ கோயிலை ஒட்டியே லைசென்ஸ் வாங்கின மறுவாழ்வு மையம் இருக்கு, பூஜையும் நடக்கும், மாத்திரையும் நடக்கும். ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணுன்னு ஜனங்களை நிறுத்தலை. டர்பன்ல எத்தனை மாரியம்மன் கோயில், எத்தனை முருகன் கோயில், தைப்பூசத்துக்கு எவ்வளவு கூட்டம். சங்கோமாக்களுக்கு, அதாவது இங்க இருக்கிற பாரம்பரிய வைத்தியர்களுக்கு, 2007லேயே சட்டம் போட்டு அங்கீகாரம் குடுத்திருக்காங்க. அவங்களையும் பூசாரிகளையும் உக்கார வெச்சுப் பேசற ஒரு டாக்டர் சங்கம் வேணும். பாடம் எடுக்கற மாதிரி இல்லாம, அவங்ககிட்ட முதல்ல யார் வர்றாங்க, என்ன சொல்லி வர்றாங்கன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிற மாதிரி.

ஜிம்பாப்வேல டிக்சன் சிபண்டான்னு ஒரு மனநல டாக்டர் 2006ல ஆரம்பிச்சது தெரிஞ்சிருக்கும். கிளினிக் வாசல்ல ஒரு மர பெஞ்ச், அதுல பாட்டிங்க உக்காந்து பேசுவாங்க, ட்ரெயினிங் குடுத்த பாட்டிங்க. டிப்ரஷன்னு சொல்ல மாட்டாங்க, குஃபுங்கிசிசான்னு ஷோனா வார்த்தை, ரொம்ப யோசிக்கிறதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல 'ரொம்ப யோசிக்கிறா, அதான் தூக்கம் வரலை'ன்னு சொல்றதேதான், டர்பன் ஆன்ட்டிங்க 'நர்வ்ஸ்'னு சொல்றதும் அதுதான். 2016ல வந்த ஆராய்ச்சில அந்தப் பாட்டிங்ககிட்ட பேசினவங்களுக்கு அந்தக் கஷ்டம் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. பக்கத்து நாடு, நம்மை விட ஏழை நாடு. டாக்டர் எண்ணிக்கை ஏறட்டும்னு பத்து வருஷம் காத்திருக்க வேண்டாம்னு அது காட்டிடுச்சு. 2022 ஏப்ரல் வெள்ளத்துல உங்க பக்கம் 400க்கு மேல செத்தாங்களே, வீடு போனவங்க ஹால்ல மாசக்கணக்குல கிடந்தாங்களே, அங்க பத்து பெஞ்ச் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

சென்னைல சாரதா மேனன் அம்மா 1984ல ஸ்கார்ஃப்ங்கற ஸ்கிட்ஸோஃப்ரீனியா ஆராய்ச்சி அமைப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க பண்ணினதுல எனக்குப் பிடிச்சது, குடும்பங்களையே சேர்த்து ஆஷான்னு தனி அமைப்பா நிக்க வெச்சது. டாக்டருங்க கேக்கறதுக்கும் ஒரு அம்மா கேக்கறதுக்கும் அதிகாரி முன்னாடி வித்தியாசம் இருக்கு.

---

சாட்ஸ்வர்த் டாக்டர்பொண்ணு

மூணு நாளா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன். சிஸ்டர் ஆன்ட்டி, 'ஒத்துழைக்கவில்லை'ன்னு நானும் எழுதியிருக்கேன். நேத்து வார்டுல அப்படி எழுதப் போன ஒரு ஃபைல்ல நிறுத்தி, டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டேன். போக வர 68 ராண்ட். அதையே ஃபைல்ல எழுதி வெச்சேன்.

ஆறாம் யூனிட் அம்மா, கழுத்து இழுத்துக்கிச்சுன்னு நீங்க சொன்னது டிஸ்டோனியா, வயசுப் பசங்களுக்கு அந்த மாதிரி மருந்தோட முதல் சில நாள்ல வரலாம், எங்க எல்லாருக்கும் அது தெரியும். தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு, அந்த ஆஸ்பத்திரில நான் இல்லாம இருந்திருக்கலாம், ஆனா அவசரத்துல நானும் சொல்லாம அனுப்பின ஆளுங்க இருப்பாங்க. மன்னிச்சுக்கோங்க.

லெனேஷியா அண்ணா, பலமான சங்கம் முதல்லங்கற உங்க வாதத்துல பாதியை எடுத்துக்கிறேன். டிப்ரஷனை நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல சேர்க்கறது, போஸ்ட் ஃப்ரீஸ் பண்றதை எதிர்க்கறது, ரெண்டையும் எழுதறேன். ஆனா 'முதல்ல' அப்படிங்கற வார்த்தை எனக்கு ஒத்து வரலை. 2015ல கோர்ட்டுக்குப் போன சமயத்துல சங்கம் மெம்பருக்கு ரேட்டு வாங்கிக் குடுத்ததால பலமா இருக்கலை, நாலு டாக்டருங்க பயப்படாம பேசினதாலதான் பலமா இருந்துச்சு. அப்படி ஒரு சங்கத்துக்கு ஃபீஸ் கட்டணும்னு என்னை மாதிரி ஆளுக்குத் தோணும்.

இப்போதைக்கு எழுதினது இது, குறை இருந்தா சொல்லுங்க:

"சங்கம் எந்தத் திட்டம் போட்டாலும் அந்த மேஜைல ஒரு கிளினிக் நர்ஸும், நோயாளிக் குடும்பத்துலேர்ந்து ஒருத்தரும் ஓட்டு உரிமையோட உக்காரணும். விருந்தாளியா இல்ல. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மனநல டாக்டர் பேர் போட்டு, அங்க இருக்கிற கிளினிக் நர்ஸுங்களுக்கு அவர் வருஷம் பூரா பொறுப்பு. டிஸ்சார்ஜ் ஆகிற எல்லாருக்கும் அந்த ஊர் பாஷைல ஒரே மாதிரி ஒரு பேப்பர், முதல் வருஷத்துலயே. ட்ரெயினிங் எடுக்கற டாக்டர் அந்த மாகாணத்து பாஷைல மனநிலைப் பரிசோதனை செய்யத் தெரியாம பாஸ் ஆகக் கூடாது. பெட்டை மூடறாங்கன்னா சங்கம் போய் நேர்ல பாக்கும், பாத்ததை எழுதி வெளியிடும். டிப்ரஷன் நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல வர்ற வரைக்கும் அதை விடக் கூடாது."

நேஷனல் ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டத்துல 2024 மே மாசம் கையெழுத்தாச்சு, அது எப்படி அமலுக்கு வரும்னு இன்னும் சண்டை நடக்குது. அதுல மனநலம் எங்க உக்காரப் போகுதுங்கறது பத்தியும் எழுத ஆசை, ஆனா ஒரு பக்கத்துல இடம் இல்லை, அதை அடுத்த தடவைக்கு வெச்சுட்டேன்.

---

லெனேஷியா டாக்டர்

பாஷை விஷயத்துல ஒரு திருத்தம். பரீட்சைல கட்டாயம்னு வெச்சா நாளைக்கே ரெஜிஸ்ட்ராருங்க கம்மி ஆயிடுவாங்க, என்னை மாதிரி வெளியிலேர்ந்து வந்தவங்க நுழையவே முடியாது. மூணு வருஷம் டைம் குடுங்க, சொல்லித் தர்ற ஏற்பாட்டை சங்கம் செய்யட்டும், அதுவரைக்கும் வார்டுக்கு ட்ரெயினிங் எடுத்த மொழிபெயர்ப்பாளர் போஸ்ட் கேளுங்க. மத்தபடி 'முதல்ல'ங்கறதுல உங்களோட எனக்கு இன்னும் சண்டை இருக்கு, ஆனா அந்தப் பேப்பர் விஷயத்துக்கு என் பிராக்டிஸ்லேர்ந்து முதல் வரைவை நான் எழுதித் தர்றேன். இங்கிலீஷும் தமிழும் என் பொறுப்பு. ஜூலுக்கு ஆள் பாருங்க.

---

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர்

ஜூலுக்கு என்கூட வேலை பாத்த ரெண்டு சிஸ்டருங்க இருக்காங்க, நான் கேக்கறேன். அந்தப் பேப்பர்ல எழுத்து பெருசா இருக்கட்டும் டாக்டர், கிளினிக் வெளிச்சத்துல படிக்கணும்.

---

ஆறாம் யூனிட் அம்மா

டாக்டரம்மா, இப்போ டைப் பண்றது நான், அவங்க மகன். அம்மா சொன்னதை இத்தனை நாள் அப்படியே டைப் பண்ணேன், இது நானா எழுதறது. என் தமிழ் கொஞ்சம் மோசம்.

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க எழுதின மேஜைல நர்ஸ் இருக்காங்க, குடும்பம் இருக்கு, டாக்டருங்க இருக்காங்க, நான் இல்ல. ரத்தம் எடுக்கறது என் கைல, கழுத்து இழுத்துக்கிட்டது எனக்கு. எங்க கிளினிக்ல க்ளோஸபின் எடுக்கற நாங்க ஆறு பேர் ரத்தம் குடுக்கற அன்னிக்கு ஒண்ணா உக்காந்திருப்போம், எந்த மாத்திரைக்கு எச்சில் ஒழுகும், எதுக்கு உடம்பு ஏறும், எப்படி வேலைக்குப் போறது, எல்லாம் நாங்களே பேசிப்போம். எங்கள்ல ஒருத்தர் வரலாமா? அம்மாவும் வரட்டும், ஆனா எனக்குப் பதிலா வேண்டாம்.

---

சாட்ஸ்வர்த் டாக்டர்பொண்ணு

தம்பி, வரலாம். வரணும். அந்த வரியை இப்பவே மாத்திட்டேன், உங்க பேருக்கு அப்புறம்தான் எங்க பேரு வருது. அடுத்த கூட்டத்துக்கு இந்தப் பக்கத்தை நான் படிக்கறதுக்குப் பதிலா நீங்க வந்து படிக்கறீங்களான்னு மத்த டாக்டருங்ககிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. உங்களுக்கு எந்த நாள் தோதுப்படும்?

---

ஆறாம் யூனிட் அம்மா

நான்தான், மகன். காலைல வேலை, அதனால மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. மாத்திரை ராத்திரி எட்டு மணிக்குப் போடணும், போட்டா தூக்கம் வந்துடும், அதுக்குள்ள வீட்டுக்கு வரணும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்னிக்கு ரத்தம்.